ஓடும் பொன்னும்

திருத்தொண்டர் புராணத்துத் திருக்கூட்டச் சிறப்பினுள், அடியார்க்குரிய இயல்புகளுள் ஒன்றாக, ஓட்டினையும் பொன்னினையும் ஒரு நிகராகக் காணுதல் கூறப்பட்டது. அது நிற்குந் திருமலைச் சருக்கத்தை அடுத்த சருக்கத்தில், திருநீலகண்டக் குயவனார் வரலாற்றின்கண், சிவயோகியாய் எழுந்தருளிய இறைவன் தன் கையிலிருந்த மண்ணோடு ஒன்றனை அவர்பால் அடைக்கலமாகத் தந்து, இது பொன்னினும் மணியினும் மேலாகப் பேணத்தக்கது என்கின்றான். பின்னர் அவ்வோடு காணாதொழிந்த காலை, பொன்னோடே தரினும் கொள்ளேன் என மறுக்கின்றான். ஓரிடத்து ஓடும் பொன்னும் ஒக்கும் என்றும், மற்றோரிடத்து ஓடு பொன்னினும் மிகும் என்றும் கூறுதல் மாறுகொளக் கூறலாகாதோ எனின், அஃது ஆராயற்பாலது.

முன்னையது உடைந்த கலத்தின் துண்டம், பின்னையது பலி ஏற்குங் கலம். ஆதலின் இரண்டும் வேறு என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? மண்ணோட்டினையும் பொன்னோட்டினையும் எதிர்நிறுத்தி ஒப்பிடுதல் அவ்வரலாற்றுள்ளேயே காணப்படுதலின், பொருளின் விலை பற்றிய வினா ஆண்டும் உளதாயிற்று. இனி, அச்சொல் சோதித்தற்பொருட்டுக் கூறிய மிகையுரை என்பாரும் உளர். அதுவும் அமையாது. கூறியவன் கருத்து யாதாயினும், கேட்ட குயவனார் அதனை மெய்யாகவே கொண்டு காத்தார்; காணாத பொழுது எங்கணும் தேடி மயங்கி நின்றார். அடியார்க்கு ஓடு அளித்தலையே தொண்டாக உடையவர் அவர். எத்துணையோ ஓடுகளைத் தம் கையால் வனைந்தவர் ஓர் ஓட்டிற்காக நிலைகலங்கினார் எனின், அக்கலக்கம் மண்ணின்பொருட்டு அன்று. அடியார் ஒருவர் நம்பி ஒப்புவித்தது என்னும் சார்பின்பொருட்டே என்க.

இதனால் அம்மாறுபாடு நீங்குமாறு காண்க. பொருள்கள் தம்மளவில் நின்றுழி ஓடும் பொன்னும் ஒக்கும். திருப்புகலூரில் உழவாரத் தொண்டு செய்த திருநாவுக்கரசர், ஆண்டுத் தோன்றிய பொன்னையும் நவமணியையும் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தமை இதற்குச் சான்று. அவை கிடந்த இடம் திருக்கோயிலேயாயினும், அவர் செய்த பணிக்கு அவற்றால் ஆவதொன்றில்லை. தொண்டின் சார்பு பெற்றுழியோ மண்ணோடும் பொன்னினும் மிகும். ஆகவே ஒப்ப நோக்குதல் என்பது ஒன்றினும் கருத்தின்றி இருத்தல் அன்று. விலை பற்றி எழும் கருத்தினை விடுத்து, சார்பு பற்றி எழும் கருத்தினைக் கோடலேயாம்.

சித்தாந்த நூல்களும் இதற்கு அரணாகும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரப் பகுதியிற் படிகத்தை உவமையாக எடுத்ததும், உமாபதிசிவனார் திருவருட்பயனில் உயிரவைநிலை என்னும் அதிகாரத்துள் இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்கும் பொருள்களை நினைவித்ததும் இவ்வியல்பு பற்றியே. அற்றேல், ஒன்றனையும் சாராது நிற்றலே துறவு என்னாமோ எனின், என்னாம். சார்பின்றி நிற்றல் உயிர்க்கு இயலாது. ஒன்றை விடுதல் பிறிதொன்றைப் பற்றுதலானே கூடும். அதனாற்றான், பத்தாஞ் சூத்திரத்து இறைபணியில் நிற்குமாறு பணித்த ஆசிரியர், பன்னிரண்டாஞ் சூத்திரத்து அன்பரோடு மருவுதலையும், அவர்தம் வேடத்தையும் ஆலயத்தையும் தொழுதலையும் வகுத்தார். எதனிற் கருத்தை வைப்பது என்பது சிறிய வினா அன்று. உயிர் எதன் வண்ணமாவது என்பதே அவ்வினா.

எனினும், பேணத்தக்கன பல ஒருங்கு வந்து ஒன்றோடொன்று முரணும்பொழுது செய்வது யாது? சேக்கிழாரது நுட்பம் சிறந்து விளங்குவது ஈண்டே. திருநீலகண்டர் பரத்தையொருத்தியை நண்ணியதறிந்து புலந்த மனைவியார், எம்மைத் தீண்டலாகாது எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவர் சொல்லிய பன்மையையே பற்றி, மகளிர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என நாயனார் துணிந்தார். இருவரும் ஒருமனையில் அயலறியாவாறு வாழ்ந்து முதுமை எய்தினர். ஓட்டின் வழக்கில், மனைவி கைப்பற்றிக் குளத்துள் மூழ்கி மெய்ம்மை காட்டுக எனத் தில்லைவாழந்தணர் அவையம் கூறிற்று. கைப்பற்றின் நற்பெயரும் நிலைக்கும், மறையும் காக்கப்படும். ஆணை ஒன்றே அழியும். பற்றாவிடின் கள்வர் என்னும் பழி சாரும். ஈண்டு நாயனார் முதலில் நாடியது இடைப்பட்ட வழி ஒன்றனை: மூங்கிற்கோலின் இருதலையும் இருவரும் பற்றினர். அவ்வழியும் அடைபட்ட பின்னரே, தம் பிழையும் உட்பட மறைத்தவனைத்தையும் அனைவருங் கேட்ப உரைத்து மூழ்கினார்.

நாயனார் தயங்கியதைப் புலவர் மறைத்திலர் என்பது கருதத்தக்கது. மானமும் அவர்க்கு ஒரு பொருளாகவே இருந்தது. அதனினும் மேலாயது ஒன்று உண்மையின் அதனை விட்டார். மற்றும், ஆணையின் பொறையை இளமை முழுதும் உடன் சுமந்தவர் அம்மனைவியார். கோலின் மறுதலை அவர் கையில் இருந்ததை மறந்து நாயனார் ஒருவரையே வியத்தல் நூலைக் குறைபடக் கற்றலாம்.

இவ்வாற்றான், கருத்து வைக்கத்தக்கது இது என அறிதல் ஒருபடி. அதன்பொருட்டு வேறொன்றை இழக்க நேர்ந்துழி இழத்தல் மற்றொருபடி. முன்னையதனை நூல் கற்பிக்கும். பின்னையது குளக்கரையில் நின்றே கற்கப்படும். ஓட்டையும் பொன்னையும் ஒப்ப நோக்கவல்லேம் என்பார், தம்பால் ஒப்புவிக்கப்பட்ட ஓர் ஓடு காணாதொழியின் தேடுவரோ என்பதே அவர்தம் சொல்லுக்கு உரைகல் என்க.