பராபரன் இருக்கட்டும்

சென்ற குளிர்காலத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தமிழ் லுத்தரன் குடும்பம் ஒன்றின் துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்த பாட்டியின் ஞானப்பாட்டுப் புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் நாலு பேர் பாடினார்கள். பேரப்பிள்ளைகள் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. திரும்பும் வழியில் காரில் ஒருவர் சொன்னார்: "இந்தப் பழைய தமிழை மாற்றினால்தான் பிள்ளைகள் பாடுவார்கள்." மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். எதை மாற்றுவது என்பதில்தான் பிரச்சினை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் புத்தகமே ஒரு காலத்தில் புதுமைதான். 1524இல் ஜெர்மனியில் வெளிவந்த முதல் லுத்தரன் பாட்டுப் புத்தகத்தில் எட்டே பாட்டுகள். சபையார் தங்கள் மொழியில் தாங்களே பாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் 1742 முதல் சென்னையில் பணிசெய்த பப்ரிசியுசும் அதே நோக்கத்தோடுதான் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். தமிழ் லுத்தரன்கள் இன்றும் பாடும் ஞானப்பாட்டுகளில் பல பப்ரிசியுசின் கைவண்ணம்.

ஆனால் அவர் மெட்டை மாற்றவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. ஜெர்மன் மெட்டு அசையின் அழுத்தத்தைப் பார்க்கும். தமிழ் குறில் நெடிலைப் பார்க்கும். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடுகிறது, 'படி' என்பது 'பாடி' ஆகிவிடுகிறது. தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கே காதில் பொருள் நழுவும். 'பழைய தமிழ் புரியவில்லை' என்ற புகாரில் பாதி, உண்மையில் மெட்டின்மேல் வர வேண்டிய புகார்.

இதற்குத் தஞ்சாவூரில் விடை கண்டவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த அவர், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு கீர்த்தனை எழுதினார். அதே சாஸ்திரியார்தான் 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் பப்ரிசியுசின் வேதாகம மொழியில் கைவைத்தபோது கடுமையாக எதிர்த்தார். இசையில் புதுமை செய்தவர், சொல்லில் பழமை காத்தார். சபையார் மனப்பாடமாக வைத்திருப்பதை மேலிருந்து ஒருவர் திருத்தக் கூடாது என்ற அவர் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் போராட்டத்திலேயே கோயிலில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தையும் அவர் காக்க நின்றார். மரபைக் காப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. பாட்டோடு சேர்த்து வேறு எதைச் சுமந்துவருகிறோம் என்று பார்க்க வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழ்ப் புரட்டஸ்தாந்தர்கள் கடவுளின் பெயரையே பலமுறை மாற்றியவர்கள். சீகன்பால்குவுக்குச் சர்வேசுரன், பப்ரிசியுசுக்குப் பராபரன், 1871ஆம் ஆண்டின் திருத்திய வேதாகமத்தில் தேவன், இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளில் கடவுள். வேதாகமத்தில் மறைந்த பராபரன் ஞானப்பாட்டில்தான் இன்னும் வாழ்கிறார். அது பப்ரிசியுஸ் புனைந்த சொல்லும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் தாயுமானவர் பராபரக்கண்ணியில் கண்ணிக்குக் கண்ணி அழைப்பதும் பராபரத்தைத்தான். இதே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் திருமுருகன் கோயில் இருக்கிறது. அங்கே போகும் பிள்ளையும் பாட்டியின் சபைக்குப் போகும் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் வரக்கூடும். இருவருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் இந்தச் சொல்லைப் 'பழசு' என்று நாம் ஏன் வெட்ட வேண்டும்?

வட அமெரிக்க ஆங்கில லுத்தரன்களை உதாரணம் காட்டுவார்கள். 1978ஆம் ஆண்டுப் பாட்டுப் புத்தகத்தில் பழைய ஆங்கிலப் பிரதிப்பெயர்கள் பலவற்றை அவர்கள் மாற்றினார்கள். 2006இல் அமெரிக்க, கனடியச் சபைகள் சேர்ந்து இன்னொரு புத்தகம் கொண்டுவந்தன. அங்கே அது பலன் தந்திருக்கலாம். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் பழைய சொல் ஒன்றுதான் தடை. நம் பிள்ளைக்கோ பராபரனும் கடவுளும் ஒரே தூரம். 'தேவரீர்' என்பதை 'நீங்கள்' என்று மாற்றினாலும் அவன் வாசிக்கப்போவதில்லை. அவனுடைய தடை எழுத்து.

ஆகவே வரும் பதிப்பில் சொல்லை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் ரோமன் எழுத்தில் அதே வரி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பொருள், மெட்டுக்குச் சுரக்குறிப்பு, இவை போதும். குறில் நெடிலைச் சிதைக்கும் மெட்டுகளுக்கு மாற்று மெட்டு போடுங்கள். மொன்றியல் பனியைப் பாடும் புதுப் பாட்டு யாராவது எழுதினால் அதையும் சேருங்கள். பாட்டியின் பாட்டைத் திருத்தி அதற்கு இடம் பண்ண வேண்டியதில்லை.

அன்று துக்க வீட்டில் பேத்தி ஒருத்தி என்னிடம் புத்தகத்தை நீட்டி, "இதில் எது பாட்டி பாடினது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டாள். திருத்திய பதிப்பில் வேறு வரிகள் இருந்திருந்தால் அவளுக்கு எதைக் காட்டியிருப்பேன்?