அபத்தம்தான் சப்ஜெக்ட்

1993 ஜூனில் 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ' வந்தபோது விமரிசகர்கள் பலர் அதைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்த 'ஜுராசிக் பார்க்' டைனோசார்கள் மிச்சத்தை மென்றுவிட்டன. லாஜிக் இல்லை, ஒரே அபத்தம் என்பது புகார். ஐயா, அபத்தம்தான் சப்ஜெக்டே!

டேனி என்கிற பொடியன், மந்திர டிக்கெட் தயவில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் நடிக்கும் போலீஸ் படத்துக்குள்ளேயே போய் விழுகிறான். அங்கே எல்லா டெலிபோன் நம்பரும் 555-ல்தான் ஆரம்பிக்கிறது. வீடியோ கடையின் 'டெர்மினேட்டர் 2' கட்-அவுட்டில் அர்னால்டுக்குப் பதில் ஸ்டாலோன். போலீஸ் ஸ்டேஷனில் கார்ட்டூன் பூனை டூட்டி பார்க்கிறது. இதெல்லாம் கவனக்குறைவா என்ன?

இயக்குநர் ஜான் மெக்டியர்னன் 'டை ஹார்ட்' எடுத்தவர். இரண்டு புதியவர்கள் எழுதிய மூலக் கதை, 'லீத்தல் வெப்பன்' எழுதிய ஷேன் பிளாக்கின் பாணியைக் கிண்டலடித்தது. அதைத் திருத்தி எழுத ஸ்டூடியோ கூப்பிட்டது யாரை? அதே ஷேன் பிளாக்கை!

130 நிமிஷம் நீளம்தான், ஜோக்குகளும் கொஞ்சம் ஓவர். ஆனால் கதை நிஜ நியூயார்க்குக்கு வந்ததும் சிரிப்பு அடங்குகிறது. கார் கண்ணாடியைக் குத்திய ஹீரோவுக்குக் கை வலிக்கிறது. வில்லன் நடுத்தெருவில் ஒருத்தனைச் சுட்டுவிட்டு, நான்தான் சுட்டேன் என்று கத்திப் பார்க்கிறான். போலீஸ் வரவில்லை. சத்தம் போடாதே என்று எங்கிருந்தோ ஓர் அதட்டல்தான் வருகிறது. நிஜத்தில் கெட்டவன் ஜெயிக்கலாம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிகிறது. அந்தக் காலத்து ஆக்‌ஷன் படங்களில் இத்தனை நிஜமான கொலையை நான் பார்த்ததில்லை.