எதிர்பார்ப்பும் இசையும்: மொரிக்கோனேயின் இசைத்தட்டொன்றும் கேட்போர் கருத்துக்களும்

ஒரு கலைப்படைப்பைப்பற்றிக் கருத்துரைத்தல் எளிது. அக்கருத்துக்குக் காரணங் காட்டுதல் அரிது. இசையைப் பொறுத்தவரை இவ்வருமை இன்னும் மிகும். கவிதையைக் குறைகூறுவோன் அதன் சொல்லையும் பொருளையும் எடுத்துக்காட்டி வாதிடலாம். இசையோ கேட்டமாத்திரத்திற் காற்றோடு கலந்து மறைவது. ஆதலால், இசையைப்பற்றி எழும் கருத்துக்கள் பலவற்றிலே, கேட்கப்பட்ட இசையைக் காட்டிலும், கேட்போன் முன்னரே தன் நெஞ்சிற் கொண்டுவந்த இசையே பெரிதும் பேசப்படுகின்றது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த ஹேற்ஃபுல் எயிற்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் இசைத்தட்டும், அதுபற்றிக் கேட்போர் கூறும் மாறுபட்ட கருத்துக்களும் இதற்குத் தக்க சான்றாவன.

‘வெறுப்புக்குரிய எண்மர்’ என அப்படத்தின் பெயரைத் தமிழாக்கலாம். அதனை எழுதி நெறிப்படுத்தியவர் குவென்ரின் ரரன்ரீனோ. மக்கள் வழக்கிற் ‘கௌபோய்ப் படம்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது அது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சில ஆண்டுகள் பிந்திய காலம். வயோமிங் என்னும் பனிநிலம். தூக்குமரத்துக்குக் கொண்டு செல்லப்படும் ஒரு பெண். அவளைக் கைதுசெய்து பரிசுப்பணம் பெறக் கருதும் ஒருவன். பனிப்புயலால் வழித்தங்கல் விடுதியொன்றில் அடைபட்டு, ஒருவரையொருவர் நம்பாது இரவைக் கழிக்கும் அந்நியர் சிலர். இதுவே கதையின் களம். இக்கதைக்கு இசை வகுத்தவர் இத்தாலியரான எனியோ மொரிக்கோனே. 1928இல் றோம் நகரிற் பிறந்து 2020இல் அந்நகரிலேயே மறைந்த அவர், இவ்விசையை ஆக்கியபோது எண்பத்தாறு வயதினர். செக் நாட்டுத் தேசியப் பல்லியக் குழுவினர் பிராக் நகரில் அதனை இசைத்தனர்.

மொரிக்கோனே என்றதும் மேனாட்டு இரசிகர் நினைவில் எழுவன, சேர்ஜியோ லியோனே நெறிப்படுத்திய படங்களுக்கு அவர் வகுத்த இசைகளேயாம். 1964 தொடக்கம் 1968 வரை வெளிவந்த அப்படங்களில், அதுவரை பெரும் பல்லியத்தையே நம்பியிருந்த கௌபோய்ப் பட இசையை அவர் முற்றாக மாற்றியமைத்தார். சீழ்க்கையொலி, மின்கிற்றார், சாட்டையின் சொடுக்கு, சொல்லற்ற பெண்குரல், தென்னகத்தார் முகர்சிங் எனக் கூறும் கருவியை ஒத்த சிறு கருவி ஆகியன அவ்விசையில் இடம்பெற்றன. இருவர் துப்பாக்கியுடன் எதிர்நிற்கும் கட்டங்களில் எக்காளம் தனித்து ஓங்கி ஒலித்தது. காலப்போக்கில், கௌபோய்ப் படம் என்றால் இவ்வோசைதான் என உலகமே கருதும் நிலை உண்டாயிற்று. ஒரு கலைஞன் இயற்றிய புதுமை அக்கலையின் இலக்கணமாகிவிடுவது பெரும் பேறு. ஆனால், அவ்விலக்கணமே பின்னர் அவனை அளக்குங் கோலாகவும் வந்து நிற்கின்றது.

புதிய இசைத்தட்டின்மீது கேட்போர் சிலர் கூறும் முதலாவது குறை இங்கிருந்தே பிறக்கின்றது. “சீழ்க்கை எங்கே? கிற்றார் எங்கே? கேட்டபின் வாயில் முணுமுணுக்கத்தக்க மெட்டு எங்கே?” என்பன அவர்தம் வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடைகூறுமுன் இசைத்தட்டிலே உள்ளது யாது என நோக்குதல் முறையாகும். ‘ரெட் றொக்கின் கடைசி வண்டி’ எனப் பொருள்படும் இத்தாலியத் தலைப்பைக் கொண்டது முதற்பகுதி. நீண்டு நிலைக்கும் நரம்பிசையின்மேல், பசூன் என்னும் தாழ்ந்த குரலுடைய துளைக்கருவி ஒரு சிறு சொற்றொடரை மெல்லத் தொடங்குகின்றது. அதனையே மீட்டும் மீட்டும் கூறுகின்றது. ஒவ்வொரு முறையும் வேறு கருவிகள் வந்து சேர, ஓசை பருத்து வளர்கின்றது. ஆயினும் அச்சொற்றொடர் விடிவு பெறுவதில்லை. படத்தின் தொடக்கத்தில், பனிமூடிய மரச்சிலுவையொன்றைக் கடந்து தொலைவிலிருந்து குதிரைவண்டி ஒன்று வருங் காட்சியை இவ்விசையோடு கண்டவர், வண்டியில் வருவது பயணிகள் அல்லர், கேடே என உணர்வர்.

தமிழ் நூலோர் மெய்ப்பாடுகளை வகுத்தபோது பெருமிதத்தையும் அச்சத்தையும் வெவ்வேறாக வைத்தனர். லியோனேயின் படங்களுக்கு அமைந்த இசை பெரும்பாலும் பெருமிதத்தின் பாற்பட்டது. வெயிலும் வெளியும் தனிவீரனும் அதற்கு நிலைக்களன். இப்படத்திலோ வீரன் என ஒருவனும் இல்லை. வெளி இருந்தும் அதிற் செல்ல வழியில்லை. அடைபட்ட அறையும் ஐயுறவுமே உள. அதற்கேற்ற மெய்ப்பாடு அச்சமே. வழக்கமான கௌபோய்ப் படத்துக்கு இசையமைப்பதாகத் தாம் கருதவில்லை என மொரிக்கோனேயும் கூறியுள்ளார். ‘பனி’ என்னும் பெயருடைய, ஏறத்தாழ 12 நிமிடம் நீளும் பகுதியைப் பொறுமையோடு கேட்பவருக்கு இது விளங்கும். அங்கே மெட்டு இல்லாமை குறையன்று. மெட்டு வந்து ஆறுதல் தந்துவிடுமோ எனக் காத்திருக்கச் செய்து, அவ்வாறுதலைத் தராது விடுதலே அதன் தொழில். ஆகவே முதலாவது குறை, இசையின் குறையன்று. கேட்போர் கொண்டுவந்த கோலின் குறை.

இரண்டாவது குறை சற்று வலியுடையது. இசைத்தட்டிலுள்ள 28 பகுதிகளுட் பல, படத்தின் உரையாடல்களேயாம். இசையிலே தோய்ந்திருக்கும் வேளையில் நடிகர் குரல் குறுக்கிட்டு அதனைக் கலைத்துவிடுகின்றது எனப் பலர் முறையிடுகின்றனர். ரரன்ரீனோ தம் பட இசைத்தட்டுக்களில் உரையாடலைச் சேர்ப்பது பழைய வழக்கம் என்றும், அவை படத்தை நினைவூட்டும் என்றும் வேறு சிலர் விடையிறுப்பர். வழக்கம் என்பது காரணமாகாது. படத்தைக் காணாதவனுக்கு அவ்வுரையாடல்கள் தலையும் வாலும் அற்ற துண்டுகள். கண்டவனுக்கோ மறுமுறை கேட்கும்போது சுவை குன்றுவன. இழிசொற்கள் மலிந்திருத்தலால், இல்லத்திற் பிறரோடு இருந்து கேட்பதற்கும் அவை ஏற்றனவல்ல. பல்லியத்தைத் தொடர்ந்து கேட்க விழைவோரின் முறையீடு இவ்வளவில் நியாயமானதே.

எனினும், ஓரிடத்தில் அம்முறையீடு பிழைக்கின்றது. படத்தில் வரும் கறுப்பினப் படைவீரனான மேஜர் வாறன், ஆபிரகாம் லிங்கன் தனக்கு எழுதியது எனக் கூறி ஒரு கடிதத்தை எப்போதும் உடன் வைத்திருக்கின்றான். வெள்ளையர் தன்னை மதிக்கும்பொருட்டு அவன் புனைந்துகொண்ட பொய்க்கடிதம் அது. படத்தின் முடிவில், குருதி தோய்ந்து கிடக்கும் அவனருகே, அவனைப் பகைத்த மற்றொருவன் அதனை உரக்கப் படிக்கின்றான். அவ்வேளையிலே தனி எக்காளம் ஒன்று, தூய்மையும் கண்ணியமும் ததும்ப எழுகின்றது. கேட்போர் தொடக்கமுதல் எதிர்பார்த்து ஏங்கிய பெருமிதம் ஈற்றில் வந்துவிட்டது. ஆனால் அது வந்து அமர்ந்தது ஒரு பொய்யின்மீது! எக்காளம் மொரிக்கோனே இளமையிற் பயின்ற கருவி. அவர் தந்தையாரின் கருவியும் அதுவே. தம் பழைய படங்களில் வீரத்துக்குத் துணைநின்ற அக்கருவியை, மக்கள் நம்ப விரும்பும் ஒரு புனைவுக்கு அவர் இங்கே துணையாக்கியுள்ளார். இசைத்தட்டிலே இப்பகுதி இருமுறை இடம்பெறுகின்றது: ஒருமுறை கருவியிசையாக மட்டும், மறுமுறை கடிதம் படிக்குங் குரலோடு. முன்னதை மட்டுங் கேட்பவன் அதனை ஓர் இனிய புகழ்மாலை என்றே கொள்வான். பின்னதைக் கேட்பவனே அதன் கசப்பை அறிவான். உரையாடல் யாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்போர் இதனையும் இழக்க நேரிடும்.

மூன்றாவதாகக் கூறப்படுவது, பிறர் பாடல்கள் பற்றியது. றோய் ஓர்பிசன், டேவிட் ஹெஸ், ‘வைற் ஸ்றைப்ஸ்’ என்னும் குழுவினர் ஆகியோரின் பிற்காலப் பாடல்கள் மொரிக்கோனேயின் இசைக்கிடையே வருதல் ஒவ்வாது என்பர். இங்கே ஒன்று தெளிதல் வேண்டும். இவ்விசைத்தட்டு ஒருவர் ஆக்கமன்று. இசைஞரின் ஆக்கமும் நெறியாளரின் தெரிவும் ஓருறைக்குள் அமைந்தது. ஓர்பிசனின் பாடல் போரிலிருந்து மீளாதோரைப் பற்றியதாதலின் படமுடிவுக்குப் பொருந்துகின்றது. ஏனையவை நெறியாளரின் தனிவிருப்பைக் காட்டுவனவேயன்றி, இசையின் ஓட்டத்துக்கு உதவுவனவல்ல. மேலும், ‘த திங்’ என்னும் 1982ஆம் ஆண்டுப் படத்துக்காக மொரிக்கோனே ஆக்கி, அப்படத்திற் பயன்படாது எஞ்சிய இசைப்பகுதிகள் சில இப்படத்தில் எடுத்தாளப்பட்டன. படத்தில் அச்சத்தை மிகுவித்த அப்பகுதிகள் இசைத்தட்டிற் சேர்க்கப்படவில்லை. பிறர் பாடலுக்கு இடமிருக்க, இசைஞரின் சொந்த ஆக்கத்துக்கு இடமில்லாது போனமை வருந்தத்தக்கது. இக்குறையைச் சுட்டிய கேட்போர் கூர்ந்து கேட்டவரே.

இறுதியாக, பரிசு பற்றிய வாதம். 2016 பெப்ரவரி 28ஆம் நாள் இவ்விசைக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது. அதற்குமுன் ஐந்து முறை பெயர் முன்மொழியப்பட்டும் மொரிக்கோனே அப்பரிசைப் பெற்றாரல்லர். 2007இல் வாழ்நாட் பணிக்கான மதிப்புப் பரிசே அவருக்கு வழங்கப்பட்டது. ஆகவே, இப்பரிசு முதுமைக்குக் காட்டிய இரக்கமேயன்றி இவ்விசைக்குரியதன்று என்பர் ஒருசாரார். மறுசாரார் புகழ்ச்சியில் எல்லை கடப்பர். ‘கோல்டன் குளோப்’ பரிசை மொரிக்கோனேயின் சார்பிற் பெற்ற ரரன்ரீனோ, மோட்சாற், பேத்தோவன், சூபேட் ஆகியோரின் வரிசையில் வைத்து அவரைப் புகழ்ந்தார். இவ்விரு சாராரும் இசைஞரின் வரலாற்றைப் பேசுகின்றனரேயன்றி, இவ்விசையைப் பேசுகின்றாரல்லர். முந்திய படைப்புக்களுக்குப் பரிசு மறுக்கப்பட்டமை இப்படைப்பின் தகுதியைக் கூட்டவும் மாட்டாது; குறைக்கவும் மாட்டாது. 1986இல் வெளிவந்த ‘த மிஷன்’ படத்தின் இசையைப்போல இது நெஞ்சை உருக்குவதன்று என்பது உண்மை. உருக்க வேண்டிய கதையன்று இது என்பதும் உண்மை.

இங்ஙனம் தனித்தனியே ஆராயின், மொரிக்கோனேயின் இசை தான் மேற்கொண்ட செயலைச் செவ்வனே முடித்துள்ளது என்பதும், அதனைத் தாங்கிய இசைத்தட்டே சீர்குலைந்தது என்பதும் புலனாகும். கேட்போர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியே புகழவும் இகழவும் முற்பட்டனர். முதுமையெய்திய கலைஞனொருவன் தன் இளமைப் புகழைத் திரும்பப் பாடியிருந்தால், கேட்போர் மகிழ்ந்து கைதட்டியிருப்பர். அவனுடைய கலையோ அன்றே நின்றுபோயிருக்கும். மொரிக்கோனே அவ்வெளிய வழியை நாடவில்லை. வாழ்நாளெல்லாம் தமக்குப் புகழ் தந்த எக்காளத்தைக்கூட, ஒரு பொய்க்கடிதம் படிக்கப்படும் வரையில் உறையிலிட்டே வைத்திருந்தார். இசைத்தட்டை மீண்டும் எடுத்துக் கேட்பவர், அந்த எக்காளத்துக்கு முன்னுள்ள நீண்ட பனியையும் பொறுத்திருந்து கேட்பாராயின், அதன் ஓசை அவருக்கு முன்னையினும் வேறாகக் கேட்கும்.