சீறாவில் ஒரு கிறித்தவத் துறவி

சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்று முகத்துவாரம் நோக்கிச் செல்வோர்க்குப் பரங்கிப்பேட்டை ஒரு மீன்பிடி ஊராகவே தோன்றும். போர்த்துக்கீசியர் 'போர்ட்டோ நோவோ' என்றும், இசுலாமியர் 'மஹ்மூது பந்தர்' என்றும் வழங்கிய துறைமுகம் அது. கீழக்கரைச் சீதக்காதி மறைந்தபின், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் புரந்து வளர்த்தவர் இவ்வூர் அபுல்காசிம் மரைக்காயரே. சடையப்ப வள்ளலைக் கம்பர் பாடியவாறே இவரைப் புலவர் காப்பியத்துள் நினைவுகூர்கின்றார்.

மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 விருத்தங்கள். அரபு நாட்டில் நெல்வயலும் பெருவெள்ளமும் ஏது என நாட்டுப் படலத்தைக் குறை கூறுவோர் உளர். வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியிலே யூதேயாவைத் தமிழ் மருதமாக்கியதை மெச்சிய நாம் அக்குறையைச் சொல்லுதல் தகாது. அது மரபு, அவ்வளவே. பாலையின் தாகத்தைச் 'சுரத்திற் புனலழைத்த படலம்' காட்டுகின்றது.

நம்மை உறுத்தியது 'புகைறா கண்ட படலம்'. வணிகக் கூட்டத்தோடு சிரியா சென்ற இளம் நபியைக் கண்டு, வரவிருக்கும் பெருமையை முன்னுணர்ந்த கிறித்தவத் துறவியின் கதை அது. இடைக்காலக் கிறித்தவ நூல்கள் பல இதே துறவியைப் பதிதன் என்றும், பொய்மறை கற்பித்தவன் என்றும் இழித்துரைத்தன. குருமடத்தில் நாம் அறிந்ததும் அந்த இழிவுரை ஒன்றே. உமறுவோ அவரைக் கற்றறிந்த சான்றோராக நிறுத்துகின்றார். அவ்வாறே, 615இல் மக்காவினின்று அடைக்கலம் தேடி வந்தோரைப் பகைவர் கேட்டும் ஒப்படைக்க மறுத்த அபிசீனியக் கிறித்தவ மன்னனுக்கும் காப்பியத்தில் இடமுண்டு. நம் பழைய நூல்கள் இவ்வரலாற்றை ஏன் பேசவில்லை என்று நாணினோம்.

குறையே இல்லையா? உண்டு. ஹிஜ்றத்துக் காண்டம் 47 படலங்களாக நீள்கின்றது. குருதியாறும் அம்புமழையும் பரணி வழக்கிலே மீண்டும் மீண்டும் வந்து அலுப்பூட்டுகின்றன. எனினும் 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தைப் படித்தோர் இவ்வலுப்பைப் பொறுத்துக்கொள்வர். குட்டிக்குப் பாலூட்டிவரச் சென்ற பிணைமான் சொன்ன சொல் தவறாது வேடனிடம் திரும்பும் அப்பகுதியை, நற்கருணை ஆராதனைக்குப்பின் அமர்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தோம்.

நபிகளாரின் வரலாறு முற்றுப்பெறுமுன்னரே காப்பியம் நின்றுவிடுகின்றது. ஏட்டில் இருந்ததை 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அச்சேற்றினார். நம் பங்கு நூலகத்தில் தேம்பாவணிக்கு அருகே அதனை வைத்துள்ளோம். இரவல் பதிவேட்டில் இதுவரை நம் பெயர் மட்டுமே உள்ளது.