சுவரில் இருக்கிற பெயர்கள்: சித்தன்னவாசல் குறித்துச் சில குறிப்புகள்

சுவரோவியம் என்றதும் நகரத்தைத்தான் பேசுகிறோம். 2020இல் சென்னை கண்ணகி நகரில், நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் அடுக்குமாடிச் சுவர்களில், ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆதரவோடு பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அது 'கலை'. ஆளில்லாத கிராமத்துக் கட்டடத்தில் எவனோ கரிக்கட்டையால் எழுதிப்போன பெயர் 'கிறுக்கல்'. இந்தப் பாகுபாட்டைச் செய்வது யார்?

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் சித்தன்னவாசல் குடைவரையை இந்தக் கேள்வியோடு வாசிக்கலாம். சமணர்கள் இல்லாமல்போய்க் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடம். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவி. தூண்களில் ஆடும் பெண்கள். வந்தவங்க போனவங்க எல்லாம் இந்த ஓவியங்கள் மேலேயே பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அழகியல்வாதிகள் தலையில் அடித்துக்கொள்வது நியாயம்தான். போன வண்ணம் திரும்பாது. ஆனால் அதே குன்றில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினால் அங்கேயும் பெயர்கள்தான். கற்படுக்கைகளில் திருநீலன் முதலான துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இதைக் கல்வெட்டு என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் வெட்டியது தாம் படுத்த கல்லில். நம்ம ஆட்கள் கீறியது, அங்கே இருந்தவர்கள் யாரென்றே தெரியாத சுவரில். அந்தத் தெரியாமைதான் பிரச்சினை.

குடைவரை முகப்பை ஒட்டிய பாறையில் இன்னொரு பெயர் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் (815–862) மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்த செய்தி.

என் ஊர் மணமேல்குடி. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்று எங்க ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர்களைக் கழுவேற்றும் வேலை, பாண்டியன் நெடுமாறனின் மந்திரியான இவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். ஏழாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இது உண்மையில் நடந்ததா என்பது ஆய்வாளர்களிடையே தீராத விவாதம். ஆனால் ஏறத்தாழ இருநூறு வருஷம் கழித்து, இன்னொரு பாண்டியன் ஆட்சியில், அதே மதுரைக்காரர் ஒருவர் சமணக் கோயிலுக்கு மண்டபம் கட்டுகிறார்! அப்படியென்றால் 'வேரோடு ஒழித்தோம்' என்கிற வெற்றிக் கதையாடல் யாருக்கு, எப்போது தேவைப்பட்டது?

சைவப் பெருமிதம் இந்தக் கேள்வியைக் கேட்காது. அதை விடுங்கள். நாம் கேட்டோமா? சமணம் என்றாலே கழுமரம் என்றுதானே மேடையில் பேசுகிறோம், கவிதையில் எழுதுகிறோம்? வென்றவனின் பிரதியைத் தலைகீழாக்கி வாசித்தாலும் பிரதி அவனுடையதுதான். அதில் சமணனுக்குச் சாவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பாறையிலோ அவன் சிதைந்த மண்டபத்தைப் பார்க்கிறான், ஆள் சேர்க்கிறான், பழுது நீக்குகிறான், பெயரையும் போட்டுக்கொள்கிறான். ஒடுக்கப்பட்டவர்களை வெறும் பிணங்களாக மட்டுமே எழுதுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கழுமரத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் இளங்கௌதமன் பெயரின் மேல் கீறுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்.