புதுப்பேட்டை டேஷ்போர்டு

பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் டேஷ்போர்டைப் பிரிப்பவரின் விரல்களை நின்று கவனிக்க வேண்டும். ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் சட்டென்று இழுத்துவிட மாட்டார். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, உள்ளே கிளிப் எங்கே பிடித்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். ‘டக்’ என்றால் கிளிப் விடுபட்டது. ‘சடக்’ என்றால் கிளிப்பைத் தாங்கும் காது உடைந்தது. வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்த பிளாஸ்டிக்குக்கு அந்தப் பொறுமை வேண்டும். 2014-இல் தயாரிப்பு நின்ற மாருதி 800-க்கு ஏசி வென்ட்டோ குளோவ் பாக்ஸ் மூடியோ கைக்கெட்டும் விலையில் கிடைப்பது இந்தக் கைகளால்தான். புது டூப்ளிகேட் போதாதா என்று கேட்கலாம். பளபளப்பாக இருக்கும், சரி. ஆனால் கம்பெனி அச்சில் வார்த்த பழைய பாகம் பெரும்பாலும் இடுக்கில்லாமல் உட்காரும், அதன் சொரசொரப்பும் மங்கலும் பக்கத்துப் பாகத்தோடு ஒத்துப்போகும். திருட்டுச் சரக்கோ என்ற சந்தேகம் நியாயமானது. பில் தரும் கடையில் வாங்குவதே முறை. ஏர்பேக் மட்டும் பழையது கூடவே கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது. மற்றபடி, வென்ட்டின் தகடுகளை விரலால் மேலும் கீழும் அசைத்து, விட்ட இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துப் பொறுக்குவதில் தனிச் சுகம் உண்டு.