வேண்டுதலும் அடையாளமும்: பெங்களூருத் தமிழர் பேச்சுச்செயல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சொல்லுதல் செய்தலும் ஆகும் என்பதை ஜே. எல். ஆஸ்டின் 1955ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக உரைகளில் விளக்கினார். அவை 1962இல் நூலாயின. வேண்டுதல், வாக்களித்தல், திறந்துவைத்தல் போன்ற பேச்சுச்செயல்கள் நிறைவேற, உரியவர் உரிய சூழலில் பேச வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வுரிமையை வழங்குபவர் யார் என்னும் வினாவைப் பெங்களூருச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பிய நெறி

ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற்குரிய சொற்கள் எனச் சொல்லதிகார எச்சவியல் கூறும். ஈ என்பது இழிந்தோனுக்கும், தா என்பது ஒப்போனுக்கும், கொடு என்பது உயர்ந்தோனுக்கும் உரியன. கொடு படர்க்கைக்குரிய சொல்லாதலின், உயர்ந்தோன் தன்னைப் பிறன்போல் நிறுத்தியே அதனைத் தனக்கு ஆள்கிறான். செயல் ஒன்றாயினும் சொல்வோன் நிலைக்கேற்பச் சொல் மூன்றாகிறது. சமூக அடையாளம் வேண்டுதலுக்கு வெறும் அணியன்று. அதன் இலக்கணமே அதுதான் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், இங்கு உயர்வு தாழ்வுகள் இருவரும் முன்னரே அறிந்தவை, மொழியும் ஒன்றே.

பணிவுக் கோட்பாடு

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக்கிய பணிவுக் கோட்பாட்டிற்குக் கோவைப் பகுதிச் சிற்றூர்த் தமிழும் சான்றாயிற்று. பேசுவோரிடையே உள்ள தொலைவு, அதிகாரம், வேண்டுதலின் சுமை ஆகிய மூன்றையும் கூட்டி அவர்கள் பணிவை அளந்தனர். மொழிமாற்றத்தை அணுக்கம் காட்டும் உத்திகளுள் ஒன்றாகக் கொண்டனர். சாதியடுக்கு ஊன்றிய சிற்றூருக்கு இவ்வளவை பொருந்தலாம். பெங்களூருக்கு இது போதாது.

பெங்களூருச் சூழல்

1809இல் ஆங்கிலேயர் படைமுகாம் அமைந்தபின் அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் தமிழர் பெருகினர். கன்னடத்தில் ‘கொடு’ மூவிடத்திற்கும் வரும். ‘தா’ கொண்டுவா என்னும் பொருளது. மதிப்பு வடிவம் ‘கொடி’. எனவே, கடையில் ‘கொடி’ எனக் கேட்கும் தமிழர் தம் உயர்வு தாழ்வைவிடத் தாமும் இவ்வூரார் என்பதையே முதலில் உணர்த்துகிறார். கடைக்காரர் கன்னடத்திலேயே விடையளித்தால் அவ்வுரிமை ஏற்கப்பட்டது. ஒலிப்பின் சாயல் கண்டு தமிழில் விடையளித்தால் அது நட்பாகலாம். வெளியாள் என்னும் சுட்டாகவும் ஆகலாம். காவிரிச் சிக்கலையொட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் வன்முறை மூண்ட நாள்களில், அடையாளம் வெளிப்படுதலே அச்சத்திற்குரியதாயிற்று. அந்நாள்களில் மொழித்தேர்வு பணிவு பற்றியதன்று, பாதுகாப்புப் பற்றியது.

திறவாச் சிலை

பொதுவெளிப் பேச்சுச்செயலுக்கும் இது பொருந்தும். அல்சூர் ஏரி அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்க முயற்சியால் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். ஆகஸ்டு 13 அன்று சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்துவைத்தார். பதவி மட்டுமே திறப்பு நிகழப் போதவில்லை. மறுமொழியினரின் இசைவும் வேண்டியிருந்தது.

முடிவுரை

பேசுவோரின் தகுதியைத் தொல்காப்பியம் உணர்த்திற்று; ஆஸ்டினும் வற்புறுத்தினார். அத்தகுதியைக் கேட்போர் ஏற்கவும் மறுக்கவும் கூடும் என்பதைப் பெங்களூர் காட்டுகிறது. ஆதலின், பன்மொழி நகர்ப் பேச்சாய்வில் வேண்டுவோர் கூற்றை மட்டும் திரட்டுதல் குறையுடையது. கேட்போர் எம்மொழியில், எவ்வாறு விடையளித்தனர் என்பதும் உடன் பதிவுசெய்யப்படல் வேண்டும்.